செவ்வாடு வளர்த்துக் கற்றது

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன ஒன்றுகூடலில், ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் நம் கல்லூரித் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, நீங்க நாங்குநேரியில ஆடு வளர்க்கியளாம்லா? அங்க எங்க பக்கத்துல அல்பாக்கான்னு ஒரு ஜீவன் வளர்க்காங்க. பத்துப் பதினஞ்சு வாங்கிப் போட்டா நம்ம ஊர்ல நல்லா வருமா?" என்றார். அப்போது சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்ததால் விரிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு வேறு சிலரும் இதே மாதிரிக் கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஊரில் ஒரு சின்னப் பண்ணை வைக்கலாம் என்ற ஆசை நம்மில் பலருக்கு இருக்கிறது. படிப்பை முடித்து நிற்கும் தம்பிகளுக்கும் இருக்கிறது. எனவே செயலாளர் பேசச் சொன்னதும் இதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் அந்த அல்பாக்காவைப் பார்த்துவிடுவோம். அது நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. நம் தாத்தா காலத்து வக்கீல்கள் கருப்பாகப் பளபளவென்று ஒரு கோட் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார்கள். அதற்கு அல்பாக்கா கோட் என்றுதான் பெயர். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு ஊர் ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் 1830-களில் அந்த ரோமத்தை நூற்றுத் துணியாக்கிப் பெரும் பொருள் சேர்த்தார். கோட்டின் பெயர் நம் ஊர் வரை வந்தது; ரோமம் தந்த பிராணி வரவில்லை.

அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைமேல் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதரோடு வாழ்வது. உலகத்திலேயே அதிகம் இருப்பது பெரு நாட்டில். வருஷத்துக்கு ஒருமுறை ரோமம் கத்தரிப்பார்கள். சினைக்காலம் ஏறக்குறைய பதினொன்றரை மாதம். பெரும்பாலும் ஒரே குட்டி. மந்தை முழுவதும் ஒரே இடத்தில்தான் சாணம் போடும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒழுக்கம் வரவே மூன்று வருஷம் ஆகிறது! கோபம் வந்தால் துப்பும். தனியாக விட்டால் ஏங்கிப்போகும். ஆஸ்திரேலியாவில் நரியை விரட்டுவதற்காகச் செம்மறி மந்தைக்குள் ஒன்றிரண்டு அல்பாக்காக்களை விடுவதும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2024-ஆம் ஆண்டை ஒட்டகக் குடும்ப விலங்குகளின் ஆண்டாகவே கொண்டாடியது.

அது பிறந்து வளர்ந்த மேய்ச்சல் காடு கடல் மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டரைத் தாண்டியது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் சமவெளியிலும் வளர்க்கிறார்கள் என்பதால் உயரம் பெரிய தடை இல்லை. தடை என்னவென்றால் வெயிலும் புழுக்கமும். கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பிறந்த பிராணியைச் சித்திரை மாதத்தில் நாங்குநேரிப் பொட்டலில் நிறுத்தினால் அது என்ன செய்யும்? உயிருள்ள விலங்கை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர மத்திய அரசின் அனுமதி வேண்டும், தனிமைப்படுத்தி வைக்க வேண்டும். வந்த பிறகு ரோமம் கத்தரிக்க ஆள், நூற்க ஆலை, நோய் கண்டால் அதைத் தெரிந்த டாக்டர், இவ்வளவும் வேண்டும். ஒரு விலங்கைத் தனியாகக் கொண்டுவர முடியாது. அதைச் சுற்றியிருக்கும் அறிவையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

இந்தப் பாடத்தை நம் மாநிலம் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கியிருக்கிறது. ஈமு கோழி ஞாபகம் இருக்கிறதா? 2012-ல் கொங்குப் பக்கம் பெருந்துறையில் அது நொறுங்கியபோது எத்தனை குடும்பங்கள் போட்ட பணத்தைத் தேடி அலைந்தன! பறவைமேல் குற்றம் இல்லை. வளர்த்தவருக்கு அதைப்பற்றித் தெரியாது. விற்கச் சந்தையும் கிடையாது. அடுத்தவருக்குக் குஞ்சு விற்பது ஒன்றே வியாபாரமாக இருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, நம் வறுமைக்காக அழுதுகொண்டு வரும் திட்டக்காரர்களிடம் தம்பிமார் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைக் கடைசியில் யார், எதற்காக வாங்குவார்?"

சரி, அல்பாக்கா வேண்டாம். வேறென்ன? பதில் நம் கண்முன்னே மேய்ந்துகொண்டிருக்கிறது. நாங்குநேரியிலிருந்து மூலைக்கரைப்பட்டி, முனைஞ்சிப்பட்டி, பரப்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் செம்மண் நிறத்தில் சின்ன உடம்புச் செம்மறி மந்தை ஒன்று ரோட்டை மறிக்கும். நாம் பஸ்ஸில் இருந்துகொண்டு ஹாரன் அடிக்கச் சொல்லியிருப்போம். அதுதான் செவ்வாடு. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைக்கே உரிய இனம். கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கின மரபுவள நிறுவனம் அதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. மேச்சேரி, மெட்ராஸ் சிவப்பு, ராமநாதபுரம் வெள்ளை, திருச்சி கருப்பு, கோயம்புத்தூர், நீலகிரி, கீழக்கரிசல், வேம்பூர், கச்சைகட்டி கருப்பு, செவ்வாடு என்று தமிழ்நாட்டுக்குப் பதிவான செம்மறி இனங்கள் 10. இதில் வேம்பூர் ஆடு பக்கத்திலேயே, விளாத்திகுளம் தாலுகாவில் இருக்கிறது. வெள்ளை உடம்பில் செம்புள்ளி. வெள்ளாட்டில் நமக்குக் கன்னி ஆடும் கொடி ஆடும் உண்டு. இவ்வளவு சொத்தை வைத்துக்கொண்டு நாம் பெருவுக்கு டிக்கெட் விசாரிக்கிறோம்!

செவ்வாட்டுக்கு மேலே கம்பளி கிடையாது, குட்டை முடிதான். கத்தரிக்கும் வேலை இல்லை. கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. என் பட்டியில் வளர்ந்த பெட்டை 22 முதல் 25 கிலோ நிற்கும். வெளி இனங்களைப் பார்த்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். "என்ன சார், பூனை மாதிரி இருக்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆட்டுக்கு வாலை அளந்துதான் வைத்திருக்கிறான் என்பார்கள். உடம்பையும் அளந்துதான் வைத்திருக்கிறான். பங்குனி, சித்திரையில் புல் கருகிப்போன பொட்டலில் நாள் முழுவதும் நடந்து, உதிர்ந்த நெற்றையும் சருகையும் பொறுக்கித் தின்று, குட்டிக்கும் பால் கொடுக்க வேண்டும் என்றால் பெரிய உடம்பு தாங்காது. சின்ன உடம்பு அதற்குக் குறையில்லை, கவசம்.

நான் 2016-ல் 20 பெட்டையும் 1 கிடாயும் வாங்கி ஆரம்பித்தேன். 20-க்கும் 30-க்கும் இடைப்பட்ட பெட்டைகளுக்கு ஒரு கிடாய் போதும். வாங்குவதற்கு முன் ஆறு மாதம் மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கும் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கும் சும்மாவே போய் நின்றேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மந்தை வைத்திருக்கும் கோனார் பெரியவர் ஒருவர் கூட வருவார். அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "சார், சந்தையில பாத்து ஆடு வாங்காதிய. சந்தைக்கு வாற ஆட்டுக்கு ஒரு காரணம் இருக்கும். மந்தையில போயித் தாயப் பாத்து மகள வாங்குங்க." அதன்படியே நாலு மந்தைகளிலிருந்து வாங்கினேன்.

வயது பார்ப்பது பல்லை வைத்து. ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, அல்பாக்காவுக்கும் அப்படியே. கீழ்வரிசையில் எட்டு. எட்டும் சின்னதாக இருந்தால் பால்பல், ஒரு வயசுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்தால் ஒன்று, ஒன்றரை வயசு. நாலு பல் என்றால் இரண்டு, ஆறு பல் என்றால் மூன்று, எட்டும் சேர்ந்துவிட்டால் நாலு வயசுக்கு மேல். நான் வாங்கியது எல்லாம் இரண்டு பல், நாலு பல். மடியில் இரண்டு காம்பும் ஒழுங்காக இருக்கிறதா, குளம்பு வெடித்திருக்கிறதா, நடக்கவிட்டால் தலை ஆட்டாமல் நடக்கிறதா, இதெல்லாம் கை வைத்துப் பார்க்க வேண்டியவை.

கொட்டகை பற்றித்தான் நிறையப் பேர் முதலில் கேட்கிறார்கள். கடைசியில் கேட்க வேண்டியது அது. மேட்டுப்பாங்கான தரை, மழைத்தண்ணீர் நிற்காத வடிகால், ஓலைக்கூரை, சுற்றிலும் காற்று. இவ்வளவு போதும். கடன் வாங்கிக் கான்கிரீட் போட்டால் ஆட்டுக்குச் சுகமில்லை, நமக்கும் தூக்கமில்லை.

தீவனம் என்பது மேய்ச்சல்தான். காலையில் பனி உலர்ந்த பிறகு அவிழ்த்துவிட வேண்டும். ஈரப்புல் மேய்ந்தால் புழு ஏறும். உச்சி வெயிலில் உடைமர நிழலில் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையைக் கொடுத்துக்கொண்டு கூட்டமாக நிற்கும். அப்போது விரட்டக் கூடாது. அசை போடும் நேரம். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் மறுபடி மேய்ச்சல். கோடையில் உடைமரத்து நெற்றும் கருவேல நெற்றும் பெரிய ஆதாரம். கிணற்றடியில் அரை ஏக்கரில் கொழுக்கட்டைப் புல்லும் வேலிமசாலும் போட்டிருக்கிறேன்; வரப்பில் அகத்தி. சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் மட்டும் அதில் பங்கு. அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டால் வயல்காரருக்கு உரம், நமக்குக் கூலி. தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு போகம் அறுத்ததும் கிடைக்காரரைத் தேடுவது நம் அப்பாக்கள் காலத்திலிருந்து இருக்கும் வழக்கம்.

இனி நோய். இங்கேதான் படித்த நமக்கு வேலை இருக்கிறது. நாங்குநேரிக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. காய்ந்து கிடந்த பூமி பத்து நாளில் பச்சையாகும். மனசு குளிரும், ஆனால் ஆடு வளர்ப்பவருக்கு அப்போதுதான் வயிற்றில் நெருப்பு. இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டி மறுநாள் காலையில் துள்ளி விழுந்து செத்துக்கிடக்கும். அதுதான் துள்ளுமாரி. குடலில் இருக்கும் கிருமி தீனி மாற்றத்தால் பெருகி விஷம் கக்குவதால் வருவது. நோய் வந்த பிறகு மருந்துக்கு நேரம் இருக்காது. மழைக்கு முன்னாலேயே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது ஆட்டுக்கொல்லி. காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல். இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டதே 1987-ல், நம் தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே கிடைத்த வைரஸை வைத்தே பிற்பாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி செய்தார்கள். அரசூர் 87 என்று அதற்குப் பெயர். நோய் வந்த ஊரின் பெயரிலேயே மருந்து!

மூன்றாவது நீலநாக்கு. செம்மறிக்கு நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய எதிரி இல்லை. மழைக்காலச் சேற்றிலும் ஈரச்சாணத்திலும் பெருகும் ஒரு பொடிப்பூச்சி கடித்துப் பரப்புவது. உதடும் முகமும் வீங்கும், வாய் புண்ணாகும், குளம்புக்கு மேலே சிவந்து நொண்டும். பெயரில்தான் நீலம், எல்லா ஆட்டுக்கும் நாக்கு நீலமாவதில்லை. 1997, 98-ல் தமிழ்நாட்டு மந்தைகளை அழித்த நோய் இது. இப்போது ஐந்து வகை வைரஸுக்குச் சேர்த்து ஒரே தடுப்பூசி வந்திருக்கிறது. எங்கள் பட்டியிலும் ஒரு மழைக்காலத்தில் வந்தது. மூன்று பெட்டையும் நாலு குட்டியும் போயின. வாய் திறக்க முடியாத ஆட்டுக்கு நானும் என் மனைவியும் ராத்திரி முழுக்கக் கஞ்சி புகட்டினோம். கோனார் பெரியவர் தன் மந்தையை விட்டுவிட்டு வந்து கொட்டகையைச் சுற்றி வேப்பிலைப் புகை போட்டார். "பூச்சி பொழுதடைஞ்சுதான் சார் கடிக்கும், அந்த நேரம் புகை நிக்கணும்" என்றார். பொடிப்பூச்சி அந்திக்குப் பிறகும் விடிவதற்கு முன்பும்தான் அதிகம் கடிக்கும் என்று பின்னால் புத்தகத்தில் படித்தேன். அவர் புத்தகம் படித்தவரில்லை.

படித்தவர் சொன்னதும் பெரியவர் சொன்னதும் ஒன்றாகும் இடங்கள் இப்படிப் பல. ஆட்டின் கீழ் இமையைத் திருப்பிப் பார். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி, வெளிறியிருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு. டாக்டரும் இதைத்தான் பார்க்கிறார், பெரியவரும் இதைத்தான் பார்க்கிறார். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் புழுமருந்து ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழுதான் மிஞ்சும். வெளிறிய இமைக்கு மட்டும் மருந்து என்றால் செலவும் மிச்சம், மருந்தும் பலிக்கும். ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருப்பது பெரிய பாக்கியம். சாணத்தைக் கொண்டுபோய்ச் சோதித்துக்கொள்ளலாம், சந்தேகம் கேட்கலாம்.

குட்டி ஈனுவது பற்றி இரண்டு வார்த்தை. சினைக்காலம் 150 நாள். கிடாய் சேர்ந்த தேதியை எழுதிவைத்தால் ஈனும் வாரம் தெரிந்துவிடும். பிறந்த குட்டிக்குத் தொப்புளை அயோடினில் நனைத்து, அரைமணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவைத்தால் பாதி வேலை முடிந்தது. சில முதல் ஈத்துத் தாய்கள் குட்டியைச் சேர்க்காது, முட்டித் தள்ளும். தாயையும் குட்டியையும் தனியாக ஒரு மூலையில் இரண்டு நாள் அடைத்தால் மோப்பம் பிடித்துச் சேர்த்துக்கொள்ளும். இதற்குப் பொறுமைதான் மருந்து.

கணக்குக்கு வருகிறேன். 20 பெட்டை வைத்திருந்தால் நல்ல வருஷத்தில் 18 குட்டி விழும். இரண்டு தவறினால் 16. பாதி கிடாய்க்குட்டி, பாதி பெட்டைக்குட்டி என்று வையுங்கள். கிழடான பெட்டைகளுக்குப் பதிலாக நாலு பெட்டைக்குட்டியை நிறுத்திக்கொண்டால் விற்பதற்கு நாலு பெட்டை, எட்டுக் கிடாய். இதுதான் வருஷ வருமானம். விலையை இங்கே எழுதவில்லை. மலர் அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். ஆனால் ஒன்றைத் திட்டமாகச் சொல்லலாம்: 20 ஆட்டுக்குச் சம்பள ஆள் வைத்தால் கட்டாது. நீங்களே மேய்க்க வேண்டும், அல்லது நாலு பேர் சேர்ந்து நூறு ஆட்டுக்கு ஒருவரை வைத்து அவருக்கு மரியாதையான சம்பளம் தர வேண்டும். "பெங்களூரில இருந்துக்கிட்டே போன்ல பாத்துக்கிடலாம்லா?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆடு போன் எடுக்காது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த எட்டுக் கிடாய்க்குட்டியில் எது முதலில் விலை போகும்? வேகமாக வளர்ந்த, நிமிர்ந்த, கண்ணுக்கு அழகான குட்டி. பக்ரீதுக்கும் கொடைக்கும் வியாபாரி வந்து கை வைப்பது அதன் முதுகில்தான். ஆறு, ஏழு மாதத்தில் அது போய்விடும். அடுத்து நல்லது, அதற்கடுத்தது என்று போய், யாரும் கேட்காத நோஞ்சான் ஒன்று மந்தையில் மிஞ்சும். மறுவருஷம் எல்லாக் குட்டிக்கும் அதுதான் தகப்பன்! பத்து வருஷம் இப்படி நடந்தால் மந்தை என்னாகும்? சிறுத்துப்போகும். அப்போது "நாட்டு இனம் தேறாது" என்று வெளியிலிருந்து ஒரு பெரிய கிடாயைக் கொண்டுவந்து கலப்பார்கள். இரண்டு தலைமுறையில் செவ்வாடு இருக்காது. பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும். இதற்குக் கெட்ட எண்ணம் உள்ளவர் யாரும் தேவையில்லை. எல்லாரும் நியாயமாக நல்ல விலைக்கு விற்றாலே போதும்.

அல்பாக்கா நாட்டில் இது நடந்தே விட்டது. பெருவின் தென்பகுதியில் எல் யாரால் என்ற இடத்தில், சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் புதைத்த அல்பாக்கா, லாமாக்களின் உடல்கள் வறண்ட மண்ணில் தோலும் ரோமமுமாக அப்படியே கிடைத்தன. ஜேன் வீலர் என்ற அறிஞர் அந்த ரோமத்தை அளந்து பார்த்தார். இன்றைய அல்பாக்காவின் ரோமத்தைவிட அது நயமாகவும் ஒரே சீராகவும் இருந்தது. 1532-ல் ஸ்பானியர் வந்த பிறகு மந்தைகள் அழிந்தன, மேய்ப்பர்களும் அழிந்தார்கள். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று தெரிந்தவர் இல்லாமற்போக, அல்பாக்காவும் லாமாவும் கலந்து ரோமம் முரடாகிவிட்டது. ஐந்நூறு வருஷம் ஆகியும் பழைய நயம் திரும்பவில்லை. பிராணி பிழைத்துக்கொண்டது, அதை அறிந்தவர்கள் போனதால் அதன் தரம் போனது.

நம் கோனார் பெரியவருக்கு இரண்டு பையன்கள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். நல்ல விஷயம்தான்; வெயிலில் அலைந்தவர் பிள்ளைகள் நிழலில் உட்காருவதைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் முந்நூறு ஆட்டில் எந்தக் குட்டி எந்தத் தாயுடையது, அந்தத் தாயின் தாய் எந்தப் பஞ்சத்தில் பிழைத்தது என்று அவர் தலைக்குள் இருக்கும் பேரேடு எந்த நோட்டிலும் இல்லை. எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. மேய்ச்சல் நிலமும் குறைகிறது. நான்குவழிச்சாலையை ஒட்டி வேலியும் மனைக்கல்லும் பெருகுகின்றன. ஐ.நா. சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. அறிவிப்பு நியூயார்க்கில் இருக்கும். பேரேடு நாங்குநேரியில் கரைந்துகொண்டிருக்கிறது.

ஒரு பக்ரீதுக்கு முந்திய மாதம் வியாபாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர், நேர்மையானவர். என் பட்டியில் கருஞ்சிவப்பில் ஒரு கிடாய்க்குட்டி. பஞ்சம் தாங்கிய தாய் ஈன்றது, அந்த வருஷத்து எட்டில் அதுதான் முதல். இரண்டு சாதாரணக் குட்டிக்கு வரும் விலையை அந்த ஒன்றுக்குச் சொன்னார். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அந்த மாதம் வீட்டில் செலவு இருந்தது. பெரியவர் கொட்டகைக் காலில் சாய்ந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. நான் மற்ற நாலைக் கொடுத்துவிட்டு அதை நிறுத்திக்கொண்டேன். வியாபாரி போன பிறகு பெரியவர் சொன்னார்: "கிடாய்ங்கது பாதி மந்தை சார். நீங்க இன்னைக்கி ஒரு ஆட்ட விக்கல, பாதி மந்தைய விக்கல." அதன் பிள்ளைகள் இப்போது ஏழு பட்டிகளில் இருக்கின்றன.

ஏழு பட்டிகளில் என்று சொன்னேனே, அதுதான் நாங்கள் செய்துவரும் ஏற்பாடு. சங்கம், பதிவு என்று ஒன்றும் இல்லை. நாங்குநேரி, களக்காடு, ராதாபுரம் பக்கத்தில் ஏழு பேர். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு முதல்தரமான இரண்டு கிடாய்க்குட்டியை விற்காமல் வளர்ப்பது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாயை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது. இல்லாவிட்டால் தகப்பனே மகளோடு சேர்ந்து வம்சம் நலியும். யாருக்காவது கிடாய் வேண்டுமென்றால் கறி விலைக்கே தருவது. எட்டில் இரண்டை நிறுத்துவதால் வருமானத்தில் துண்டு விழத்தான் செய்கிறது. அதை விதைநெல் என்று எழுதிக்கொள்கிறோம். பசி வந்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னாத சனம் அல்லவா நாம்?

இனி உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

பண்ணை வைக்க ஆசைப்படும் அண்ணாச்சிமார்களுக்கு: பத்து ஆட்டில் தொடங்குங்கள். வாங்குவதற்கு முன் ஒரு மேய்ப்பரோடு ஒரு மாதம் நடங்கள். அவருக்கு அந்த மாதத்துக்குச் சம்பளம் கொடுங்கள். அவர் உங்கள் பேராசிரியர்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: பணம் அனுப்ப நினைத்தால் புது விலங்குக்கு அனுப்பாதீர்கள். உங்கள் ஊர் மந்தையில் நல்ல கிடாய் ஒன்று விலைக்குப் போகும் நிலையில் இருந்தால், அதன் விலையைக் கொடுத்து அந்த மந்தையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கிடாயின் விலை உங்களுக்கு ஒரு வாரக் கடைசிச் செலவுதான்.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு: விலங்கியல் படித்தாலும் சரி, தமிழ் படித்தாலும் சரி, கணக்குப் படித்தாலும் சரி, ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பெரியவரிடம் போங்கள். எந்த ஆடு, எந்தத் தாய், எந்தத் தேதியில் ஈன்றது, மூன்றாம் மாதம் எத்தனை கிலோ. எழுதுங்கள். நிறத்துக்கும் நடைக்கும் அவர் சொல்லும் பெயர்களையும் எழுதுங்கள். ஒரு வருஷம் விடாமல் எழுதினால் அதைவிட நல்ல ப்ராஜெக்ட் எந்தக் கல்லூரியிலும் கிடையாது. நாங்கள் ஏழு பேரும் உங்களுக்குப் பட்டியைத் திறந்து விடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்தரைக்கு மந்தை திரும்பும். தாயும் குட்டியும் ஒன்றை ஒன்று தேடிக் கத்துகிற சத்தம் கால்மணி நேரம் காதை அடைக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஓய்ந்துவிடும். அந்த நேரத்துக்கு வாருங்கள். பெரியவரும் இருப்பார். கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.